வளைகாப்புக்கு நடந்து போனவள்

மலையேறுகிற வண்டியில் உட்கார எனக்குப் பயம். பல்லியைக் கண்டு முகம் சுளிக்கிற பயம் இல்லை இது. மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ்சு திரும்பும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும், காது அடைத்துக்கொள்ளும், வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருக்கும். ஒரு தடவை வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் பஸ்சுக்குள் கத்திவிட்டேன். கண்டக்டர் விசில் அடித்து, வண்டியை நிறுத்தி, என்னை இறக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளையும் அதட்டி உட்கார வைக்கிற கணக்கு டீச்சர், ரோட்டோரத்தில் நின்று அழுதேன். என்னிடம் படித்த ஒருத்தி ஜன்னல் வழியாக எனக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

பிறவியிலேயே வந்த பயம் என்று சொல்ல முடியாது. போடியில் பிறந்தவளுக்கு மலை ரோடு என்ன புதுசா? சின்ன வயதில் ஏலத்தோட்டத்து ஜீப்பில் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போயிருக்கிறேன். என் மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்த வருஷம், மேலே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மூடுபனி. ஒரு வளைவில் எதிரே ஏறி வந்த லாரிக்கு வழிவிட, டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஓரச்சுவர் இடிந்து கிடந்த இடம் அது. பின்சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. “யாரும் ஆடாதீக. முன்பக்கமா ஒவ்வொருத்தரா எறங்குங்க” என்றார் டிரைவர். நான் பின்னால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதனால் கடைசி ஆள் நான்தான். என் கண்ணுக்கு நேரே ரோடு இல்லை, மரம் இல்லை, வெறும் வெள்ளை. கீழே எவ்வளவு ஆழம் என்றுகூடத் தெரியவில்லை.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். “இவ மட்டும் இன்னும் அந்த ஜீப்ப விட்டு எறங்கல” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேலியாகத்தான் சொல்வார். ஆனால் அது உண்மை.

விதி என்னவென்றால், மகளுக்கு அமைந்த மாப்பிள்ளைக்குத் தோட்டமும் வீடும் மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் கேரளத்துக்குள் கொஞ்ச தூரத்தில். நல்ல பையன், நம் பக்கத்து ஆள்கள்தான். தோட்டத்துக்காக அங்கே குடியேறியவர்கள். கல்யாணத்தைப் போடியிலேயே வைத்தோம். மறுவீட்டுக்கு எல்லோரும் மேலே போனார்கள், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளே இறங்கி வந்தாள். மகள் குடித்தனம் நடத்துகிற வீட்டை நான் போனில்தான் பார்த்தேன். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஏலச்செடி ஆளுயரத்துக்கும் மேலே நிற்பதைக் காட்டுவாள். “நல்லாருக்குத்தா” என்பேன். எனக்கே என் மேல் கோபம் கோபமாக வரும்.

அவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம், பிரசவம் நம் வீட்டில் என்ற நினைப்பு. மூன்றாம் மாதமே உதிரம் பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், வளைவு ரோட்டில் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மா கிடையாது. தோட்டத்து வேலைக்கு வருகிற பெண் ஒருத்திதான் சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளையைச் சுமந்துகொண்டு என் மகள் தனியாக மலை மேலே படுத்துக் கிடக்கிறாள். அவளால் இறங்க முடியாது. என்னால் ஏற முடியாது.

இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை பஸ்சில், ஒரு தடவை தெரிந்தவர் காரில், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு. இரண்டு தடவையும் முந்தலைத் தாண்டவில்லை. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். “பெத்த தாய்க்கு என்ன பயம் வேண்டிக் கெடக்கு” என்றார்கள். காலையில் போனைத் திறந்தால் சூரியன் உதிக்கிற படத்தோடு ‘நல்லதையே நினைப்போம்’ என்று யாராவது அனுப்பியிருப்பார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நல்லதை நினைக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நினைக்கிற இடத்தில் வேறொன்று ஏற்கெனவே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்பிவிட வழி சொல்வாரைக் காணோம்.

கணக்கு டீச்சர் புத்தி ஒரு நாள் வேலை செய்தது. வண்டியில் ஏறினால்தானே பயம்? நடந்து போனால்?

முந்தலில் இருந்து ஒரு பழைய ஒற்றையடிப் பாதை, மேடு என்று நாங்கள் சொல்கிற போடிமெட்டுக்கு ஏறுகிறது. ரோடு போடுவதற்கு முன்னால் தலைச்சுமையாக ஏலக்காய் இறங்கிய தடம். ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். இந்தப் பாதை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேரே ஏறும். கொஞ்சம் ஏறினால் ரோடு வரும், அதைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அதில் போய் வருகிறார்கள். நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். “மாடிப்படி ஏறுனா மூணு எடத்துல நிப்ப. நீ மேட்டுக்கு நடக்கப் போறியா?” என்றார். மறுநாள் அவரே கடைக்குப் போய் ஒரு கேன்வாஸ் சூ வாங்கி வந்து வாசலில் வைத்தார்.

மார்கழிக் குளிரில் தொடங்கினேன். மகளின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, முதலில் சமதரையில், போடியில் இருந்து முந்தல் ரோட்டில். எதிர்வீட்டு மதினிக்குச் சர்க்கரை உண்டு. அவரும் கூட வந்தார். மதினிக்குக் கால் நடக்கிறதை விட வாய் அதிகம் நடக்கும். பத்து நாள் போனதும் கெண்டைக்கால் வீங்கி, இரவில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ‘விடாமுயற்சி’ என்று எத்தனையோ தடவை வண்ணச் சாக்பீஸில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஏதோ வீரதீரமான சங்கதி மாதிரி எழுதுவேன். நடந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதில் வீரம் ஒன்றும் இல்லை. விடிந்ததும் எழுந்து, வலிக்கிற காலில் அதே ஈரமான சூவை மாட்டுவது. அவ்வளவுதான். அலுப்பான விஷயம்.

பொங்கல் கழித்து மலைப் பாதையில் கால் வைத்தேன். மதினி வர மறுத்துவிட்டார். வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முந்தல் டீக்கடையில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வார். பள்ளிக்கூடம் இருப்பதால் விடிந்து ஒரு மணி நேரம்தான் எனக்கு. முதல் நாள் எலுமிச்சைத் தோட்டத்து வேலி முடிகிற வரை போனேன். பாதையின் ஒரு பக்கம் சரிவு. மேலே எங்கோ ஒரு ஜீப்பு கியர் மாற்றுகிற சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன், புல்லைப் பிடித்துக்கொண்டு. பிடித்தால் புல் என்ன தாங்கப் போகிறது? ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.

மேலே பார்த்தால் பயம் வந்தது, கீழே பார்த்தாலும் வந்தது. அதனால் எதிரே இருக்கிற ஒன்றை மட்டும் பார்த்து நடக்கப் பழகினேன். அந்தப் புளியமரம் வரைக்கும். மரத்துக்குப் போனதும், அந்த இலவமரம் வரைக்கும். மேடு இருக்கிறது என்பதையே மறந்துவிடுவேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. கூடவே வந்தது. ஆனால் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும்போது அதற்கும் வாங்கியது. உடம்பு முழுக்க வேர்த்து, கண்ணுக்குள் உப்பு இறங்கி, அடுத்த காலை எங்கே வைப்பது என்று தேடுகிறவளுக்குப் பயப்பட நேரம் குறைவு. இறங்கி வரும்போது வெயில் முகத்தில் அடிக்கும், பசி எடுக்கும். கல்யாண வீட்டுக்குப் போகிற பசி. பல வருஷமாக எனக்கு அப்படிப் பசித்ததில்லை.

டீக்கடையில் இருந்தே மகளுக்குப் போன் போடுவேன். அவளும் அதற்காகவே முழித்துக் காத்திருப்பாள்.

“இன்னைக்கு எதுவரைக்கும் போனம்மா?”

“புளியமரத்தத் தாண்டிட்டேன். ரெண்டு மயிலு குறுக்க ஓடுச்சு.”

“மரத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கு?”

நான் சொல்ல அவள் கேட்பாள். இலவமரத்தில் காய் வெடித்துப் பஞ்சு பறப்பதை, ஜீப்புக்காரர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கிற ஊற்றை, ஊற்றுக்கு மேலே மரமே இல்லாத மொட்டைப் பாதையை. படுக்கையில் கிடப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன். வளைகாப்புக்குச் சித்திரையில் நாள் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடமும் லீவு. “அன்னைக்கு நடந்தே வந்து ஒன் கையில வளையல் போடுறேன்” என்றேன்.

மாசிக் கடைசியில், மொட்டைப் பாதை முடிகிற இடத்தில் ஒரு கல்லைக் கண்டேன். நட்ட இரண்டு கல்லின் மேல் படுக்கையாக ஒரு பலகைக்கல், தோள் உயரத்துக்கு. சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு ஏறுகிறவர்கள் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதில் தள்ளிவிட்டு நிற்கலாம். எனக்கு அது அத்தனை தோதாக இருந்தது. பையை அதன் மேல் வைத்து, இரண்டு கையையும் மடக்கி வைத்து, அதன் மேல் கன்னத்தைச் சாய்த்து நிற்பேன். காலை நேரத்தில் கல் சில்லென்று இருக்கும். நாலைந்து நாள் அப்படி நின்றிருப்பேன். பாதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான் என்றுகூட நினைத்தேன். நாளைக்கு மகளிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் மதினியிடம் வாயை விட்டேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் மாவுக் கையோடு நிமிர்ந்தார்.

“அந்தக் கல்லு மேலயா சாஞ்சு நின்னீக? அது எதுக்கு நடுவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா மதினி? வயித்துப் புள்ளையோட செத்தவளுக்கு நடுறதாச்சே அது. வீட்ல ஒரு புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு அங்க போயி நிக்கலாமா?”

தெரியும். எங்களூர்ப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? பிள்ளையைச் சுமந்தபடியே போய்விட்டவளின் பாரம் இறங்கட்டும் என்று, ஊரார் சுமை இறக்குவதற்கு ஒரு கல்லை நட்டு வைப்பது வழக்கம். எனக்குத் தெரிந்த விஷயம் எனக்கே உறைக்காமல் இருந்திருக்கிறது. இளைப்பாற ஒரு இடம் கிடைத்தது என்ற சந்தோஷத்தில், அது யாருக்கான இடம் என்று நினைக்கவே இல்லை. மதினி உள்ளே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். கன்னத்தில் அந்தக் கல்லின் சில்லிப்பு அப்படியே இருந்தது. உள்ளே போய்ச் சோப்பு போட்டுக் கழுவினேன், இரண்டு தடவை.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சூவை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ராத்திரி கண்ணை மூடினால் கல்லின் மேல் என் பை இருக்கும். திரும்பிப் பார்த்தால் பை இருக்காது, என் மகளின் தலையணை இருக்கும். நான்தான் எதையோ கூப்பிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். படித்தவள்தான், பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை கூடாது என்று வகுப்பெடுப்பவள்தான். அந்தப் படிப்பெல்லாம் அந்த வாரம் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவரும் கேலி பேசவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

அப்புறம் ஒரு காலையில் மகளே போன் போட்டாள்.

“இன்னைக்கும் போகலையாம்மா?”

“இல்லத்தா. முடியல.”

அதற்கு அவள் சொன்னாள்: “நீ பேசாம வீட்ல இருந்துக்கிட்ட. நான் படுத்துக்கிட்டே ஒன்கூட ஏறிக்கிட்டு இருந்தேம்மா. தெனம் நீ சொன்னதும் கண்ண மூடி அதுவரைக்கும் நடந்து பாப்பேன். இப்ப ஊத்துக்கு மேல அந்த மொட்டப் பாதையிலயே நிக்கிறேன். நாலு நாளா அங்கனயே நிக்கிறேன்.”

கல்லைப் பற்றி அவளுக்குத் தெரியாது. மொட்டைப் பாதை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நான் வீட்டில் படுத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அன்று நான் நடந்ததை நடை என்று சொல்லக் கூடாது. புளியமரம், இலவமரம், ஊற்று, எதிலும் நிற்கவில்லை. மொட்டைப் பாதையில் ஏறியதும் அந்தக் கல் தெரிந்தது. தொடவில்லை. ஓரமாக ஒதுங்கி, பாதை ஓரத்து முள் கையைக் கிழிக்க, தலை குனிந்துகொண்டே கடந்தேன். கடந்தும் நிற்கவில்லை. அங்கிருந்து செங்குத்தாக ஒரு ஏற்றம். கையை ஊன்றி ஏறி ரோட்டுக்கு வந்து நிமிர்ந்தால், எதிரே இடிந்து கிடக்கிற ஓரச்சுவர்.

அந்த வளைவுதான். ஜீப்பு சாய்ந்து நின்ற வளைவு.

இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். நல்ல வெளிச்சம். நான் அன்றைக்கு வெள்ளையாகப் பார்த்த இடத்தில் உண்ணிச்செடிப் புதர் இருந்தது, புதருக்கு அங்கிட்டு நான் இப்போது ஏறி வந்த பாதை இருந்தது, பாதையில் அந்தக் கல் நின்றுகொண்டிருந்தது. அத்தனை வருஷம் நான் கனவில் விழுந்துகொண்டிருந்த அடியில்லாத பள்ளத்துக்கு அடி இருந்திருக்கிறது. விழுந்திருந்தால் செத்துத்தான் போயிருப்பேன், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அங்கே ஆள் நடக்கிற ஒரு தடம் இருந்தது. யாரோ சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. ரோட்டில் போன ஜீப்பில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அன்று மகளிடம், “மொட்டப் பாதையத் தாண்டி ரோட்டுக்கு வந்துட்டேன். வெரசா நீயும் வந்துரு” என்றேன். “வந்துட்டேன்” என்றாள். கல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

வளைகாப்புக்கு முந்தின நாள், மேட்டு வரைக்கும் நடந்தேன். வீட்டுக்காரர் சீர்த்தட்டுகளோடு பஸ்சில் போய்விட்டார். கண்ணாடி வளையல்களை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. இலவம்பஞ்சில் பொதிந்து என் பையில் வைத்துக்கொண்டேன். மேகம் இறங்கியிருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் வரும்போது மேலே இருந்து சரளைக் கற்கள் உருண்டு வந்து என் காலடியில் விழுந்தன. பின்னாலேயே ஒரு பெரிய இரைச்சல். ஏதோ வண்டி கவிழ்கிறது, என் மேல்தான் வரப் போகிறது என்று நினைத்தேன். ஓட இடமில்லை. கல்லோடு கல்லாக ஒண்டி, வளையல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். இரைச்சல் தேய்ந்து மேலே போனது. லோடு லாரி ஒன்று ரோட்டோரத்தை ஒட்டி வளைவில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நான் இரண்டு கையாலும் அந்தக் கல்லைப் பிடித்திருந்தேன். உடனே கையை எடுக்கத் தோன்றவில்லை. “தாயே, எம் மகள விட்டுரு” என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிறகு ஏறினேன்.

பாறை தாண்டி, குரங்குகள் உட்கார்ந்திருக்கிற பலாமரம் தாண்டி, மேட்டுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே காத்திருந்த மாப்பிள்ளை தன் ஜீப்பில் ஏறச் சொன்னார். “நடந்தே வர்றேன் மாப்ளே” என்றேன். மகள் வீட்டு வாசலை முதல் தடவையாக மிதித்தேன். அவள் படுத்திருந்த அறைக்குள் போனதும் என் சூவைத்தான் முதலில் பார்த்தாள். “கிழிஞ்சிருச்சேம்மா” என்றாள். சூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மறுநாள் படுக்கையில் சாய்த்து வைத்தே வளையல் போட்டோம். ஒன்றுகூட உடையவில்லை. நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

ஆனியில், ஒன்பதாம் மாதம் பிறந்து சில நாளில், ஒரு மதியம் அவள் “அம்மா” என்று கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. பாயெல்லாம் உதிரம். வெளியே மழையும் பனியும். மாப்பிள்ளை ஆம்புலன்சுக்குச் சொன்னார். கீழே இருந்து ஏறி வந்து கூட்டிப் போனால் நேரமாகும், நாம் இறங்கினால் முந்தலில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஜீப்பின் பின்பக்கம் மெத்தையை விரித்து அவளைக் கிடத்தினோம். நான் அவள் தலைமாட்டில் உட்கார வேண்டும். ஜீப்புக்குப் பின்னால் நிற்கிறேன், கால் தூக்கவில்லை. உள்ளங்கை வேர்த்தது, காது அடைத்தது. “ஒண்ணும் பேடிக்க வேணாம் அத்தை, நான் மெல்லப் போறேன்” என்றார் மாப்பிள்ளை. பதற்றத்தில் அவருக்குப் பாதி மலையாளம்தான் வரும். போடி வரைக்கும் வேண்டாம், மேடு வரைக்கும்கூட வேண்டாம், அந்த இரும்புப் படி வரைக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். படியில் கால் வைத்தேன். பிறகு, அந்த மெத்தை வரைக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டைத் தாண்டி முதல் வளைவு திரும்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மகளின் தலை என் மடியில். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது.

“இப்ப எங்கம்மா?” என்றாள்.

படுத்திருப்பவளுக்கு ஜீப்பின் தார்ப்பாய்தான் தெரியும். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் கண்ணைத் திறந்து வெளியே பார்க்க வேண்டும். திறந்தேன். வெள்ளை. அதே வெள்ளை. வயிற்றுக்குள் கழன்று விழுந்தது. ஆனால் அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்தையும் என் கால் தொட்டிருக்கிறது.

“பலாமரம். கொரங்கெல்லாம் நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“அப்புறம்?”

“பாறை வரப்போகுது. வெயிலா இருந்தா போடியே தெரியும்னு சொன்னேன்ல, அந்தப் பாறை.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கண்ணாடி வளையல்கள் என் கையில் அழுந்தின. பேச்சை நிறுத்தினால் அவள் தூங்கிவிடுவாள் என்று பயமாக இருந்தது. அதனால் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பாதை ரோட்டைக் கடக்கிற இடம் ஒவ்வொன்றையும் சொன்னேன். ஜீப்பு ஒரு வளைவில் வேகம் குறைந்தது. இடிந்த ஓரச்சுவர். சுவருக்குக் கீழே, மழையில் நனைந்து கறுத்துப்போன பலகைக்கல்லின் முதுகு.

“இப்ப எங்கம்மா?”

ஊத்து வரப்போகுது என்று சொல்லியிருக்கலாம். நாலு மாதமாக அப்படித்தான் தாண்டி வந்தேன். என்னவோ, அன்றைக்கு மறைக்க முடியவில்லை.

“ஒரு சுமைதாங்கிக் கல்லுத்தா.”

“நீ சொன்னதே இல்லையே.”

“சொல்லல. பயமா இருந்துச்சு.”

அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள். அது என்ன கல் என்று அவளுக்கும் தெரியும். என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது. சாய்ந்திருந்த தலையை லேசாகத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அதையும் தாண்டிட்டமாம்மா?”

திரும்பிப் பார்த்தேன். வளைவு மறைந்துவிட்டது.

“தாண்டிட்டோம்.”

“அப்புறம்?”

“ஊத்து” என்றேன். “அப்புறம் எலவமரம். அப்புறம் புளியமரம். எலுமிச்சைத் தோட்டம் வந்துட்டா முந்தல்.”

முந்தலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. டீக்கடை வாசலில், வழக்கமாக எனக்காகக் காத்திருக்கிற இடத்தில், என் வீட்டுக்காரர் நனைந்தபடி நின்றார். தேனி ஆஸ்பத்திரியில் அன்று பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். மகளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள்.

பேத்திக்கு மூன்று மாதம் முடிந்ததும் மேலே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் போய்விட்டதா என்று மதினி கேட்டார். இல்லை என்றேன். ஜீப்பில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேத்தி என் மடியில், முந்தலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் ஜன்னல் பக்கம் பார்த்து, ஒவ்வொரு இடமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், அந்தக் கல்லையும் சேர்த்து.